பெல்கிரேட்டும் நமது மலையும்

1961ஆம் ஆண்டு செப்டெம்பர் முதலாந் திகதி தொடக்கம் ஆறாந் திகதி வரை, யூகோஸ்லாவியாவின் தலைநகராக அன்று விளங்கிய பெல்கிரேட்டில் 25 நாடுகளின் தலைவர்களும் பிரதிநிதிகளும் கூடியிருந்தனர். தூதுக்குழுக்களுக்குத் தலைமை தாங்கி வந்தோருள் ஒருவர் மட்டுமே பெண். அவர் இலங்கையின் பிரதமர் திருமதி சிறிமாவோ பண்டாரநாயக்க. உலகின் முதற் பெண் பிரதமராக அவர் பதவியேற்று அப்போது ஓராண்டும் சில வாரங்களுமே கழிந்திருந்தன. அணிசேரா நாடுகளின் முதல் உச்சி மாநாடு அது. வரலாற்று வகுப்பில் மாநாடு நடந்த ஆண்டையும் இடத்தையும் சொல்லி மேலே சென்று விடுகிறோம். பரீட்சைக்கு அவ்வளவு போதும், வாழ்க்கைக்குப் போதாது.

கண்டிக்கும் மாத்தளைக்கும் இடையில், அலவத்துகொடவில் இருந்து கொண்டு டான்யூப் நதிக்கரை நகரொன்றைப் பற்றிப் பேசுவது சிலருக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் அந்த மாநாட்டு மண்டபத்தில் நமது பெயராலும் ஒரு குரல் ஒலித்தது. பலவீனமான நாடுகளின் உரிமைக்காகவும், போரை அஞ்சி வாழும் எளிய மக்களுக்காகவும் அக்குரல் பேசிற்று. அதே வேளையில், அக்குரலுக்குரிய நாட்டின் மலைகளில் வாக்கும் இல்லாமல், நாடும் இல்லாமல் ஒரு மக்கட்கூட்டம் கொழுந்து பறித்துக் கொண்டிருந்தது. இவ்விரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதிப் பார்க்கும் கடமை வேறெவரையும்விட மலைநாட்டில் வாழும் நமக்கே உரியது.

பெல்கிரேட்டுக்குச் சென்ற பாதையின் ஒரு தொடக்கம் நமது மலையிலேயே இருந்தது என்பதைப் பலர் மறந்து விட்டனர். 1954ஆம் ஆண்டு ஏப்ரல் இறுதியில் இலங்கை, இந்தியா, பாகிஸ்தான், பர்மா, இந்தோனேசியா ஆகிய ஐந்து நாடுகளின் பிரதமர்கள் இலங்கையில் கூடினர். அமர்வுகள் கொழும்பிலும் கண்டியிலும் நடைபெற்றன. இந்தோசீனத்தில் பிரெஞ்சு ஏகாதிபத்தியம் தன் கடைசிப் போரை நடத்திக் கொண்டிருந்த காலம் அது. ஆசிய, ஆபிரிக்க நாடுகள் அனைத்தையும் ஒன்று கூட்ட வேண்டும் என்ற யோசனையை இந்தோனேசியப் பிரதமர் இங்கேதான் முன்வைத்தார். அதன் பயனாக அடுத்த ஆண்டு ஏப்ரலில் பாண்டுங் மாநாடு கூடிற்று. 29 நாடுகள் அதிற் பங்கு கொண்டன. பாண்டுங் இல்லாமல் பெல்கிரேட் இல்லை. அந்த வகையில், 1815இல் ஆங்கிலேயரிடம் தன் ஆட்சியை இழந்த ஒரு பழைய தலைநகர், ஆட்சியை மீட்ட நாடுகளின் கூட்டுறவுக்கு வித்திட்ட இடங்களில் ஒன்றாயிற்று. 1959இன் தொடக்கத்தில் யூகோஸ்லாவிய அதிபர் டிட்டோ தம் கப்பற் பயணத்தின்போது இலங்கைக்கும் வந்து சென்றார். அன்று அவரை வரவேற்ற பிரதமர் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க அவ்வாண்டு செப்டெம்பரில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் தொடர்ந்திருந்தால் பெல்கிரேட்டில் அமர்ந்திருக்கக் கூடிய இருக்கையிலேதான் அவருடைய மனைவியார் அமர்ந்தார்.

பெல்கிரேட் எத்தகைய நகரம்? சாவா நதி டான்யூபுடன் கலக்கும் மேட்டில் அது அமைந்திருக்கிறது. ஸ்லாவியர் மொழியில் அதன் பெயருக்கு வெண்ணகர் என்று பொருள். பெயர் வெண்மையாயினும், அது கண்ட வரலாறு இரத்தமும் புகையும் படிந்தது. உரோமர் அங்கே அரண் அமைத்தனர். 1521இல் துருக்கியர் அதைக் கைப்பற்றினர். ஆஸ்திரியரும் துருக்கியரும் மாறிமாறி அதற்காகப் போரிட்டனர். நதிகளை நோக்கி நிற்கும் கோட்டை மைதானத்துக்கு இன்றும் வழங்கும் கலேமெக்டான் என்ற பெயர் துருக்கி மொழியிலிருந்து வந்ததே. கடைசித் துருக்கிப் படை கோட்டையை விட்டுச் சென்றது 1867இல். 1914 ஜூலை இறுதியில் முதலாம் உலகப் போர் மூண்டவுடன் ஆஸ்திரியப் பீரங்கிகள் முதலிற் சுட்ட நகரங்களில் இதுவும் ஒன்று.

1941 ஏப்ரல் 6ஆந் திகதி போர்ப் பிரகடனம் எதுவுமின்றி ஹிட்லரின் விமானங்கள் பெல்கிரேட்டின் மேல் குண்டு பொழிந்தன. அன்று செர்பியாவின் தேசிய நூலகம் எரிந்து சாம்பலாயிற்று. இலட்சக்கணக்கான நூல்களும், ஆயிரத்துக்கு மேற்பட்ட பழைய கையெழுத்துச் சுவடிகளும் அதனுடன் அழிந்தன. ஓர் இனத்தை அடக்க வருபவன் அதன் ஏடுகளின் மேலும் கை வைக்கிறான் என்பதை விளக்க நமக்கு ஐரோப்பிய உதாரணம் தேவையில்லை. 1981ஆம் ஆண்டு மே மாதத்தின் கடைசி இரவில் யாழ்ப்பாணப் பொது நூலகத்திற்கு இட்ட தீயில் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தன. பெல்கிரேட்டில் தீயிட்டவன் எல்லைக்கப்பாலிருந்து வந்த பகைவன். யாழ்ப்பாணத்தில் தீ மூண்டபோதோ காவல் கடமைக்கென்று அரசு அனுப்பிய பொலிசார் அந்நகரிலேயே இருந்தனர். அந்த வேற்றுமையை நினைவில் இருத்திக் கொண்டு மேலே செல்வோம்.

1944 அக்டோபர் 20ஆந் திகதி, டிட்டோவின் கரந்தடிப் படையும் சோவியத் செஞ்சேனையும் பெல்கிரேட்டை விடுவித்தன. பதினேழு ஆண்டுகளின் பின் உலகத்தின் ஏழை நாடுகள் அந்நகரைத் தம் சந்திப்பிடமாகத் தேர்ந்து கொண்டது தற்செயலன்று. போர் என்றால் என்ன என்பதை அந்நகரின் ஒவ்வொரு தெருவும் அறிந்திருந்தது. 1948இல் ஸ்டாலினுடன் முரண்பட்டு வெளியேறியும், மேற்கு நாடுகளின் இராணுவக் கூட்டில் சேராமலும் நின்ற ஐரோப்பிய நாடு யூகோஸ்லாவியா. ஆசியாவும் ஆபிரிக்காவும் ஐரோப்பாவில் காலூன்றிப் பேச அதைவிடப் பொருத்தமான மேடை வேறிருக்கவில்லை.

மாநாடு கூடிய வேளையோ மிகப் பயங்கரமானது. ஏறத்தாழ மூன்று வாரங்களுக்கு முன்னர், ஆகஸ்ட் 13ஆந் திகதி, பெர்லின் நகரை இரண்டாக வெட்டும் சுவர் எழத் தொடங்கியிருந்தது. மாநாடு தொடங்கிய அன்றே, மூன்றாண்டு காலமாக நிறுத்தி வைத்திருந்த அணுகுண்டுச் சோதனையைச் சோவியத் யூனியன் மீண்டும் தொடங்கிற்று. சில நாட்களில் அமெரிக்காவும் அவ்வழியே சென்றது. கொங்கோவின் விடுதலைத் தலைவர் லுமும்பா அவ்வாண்டு ஜனவரியில் கொலையுண்டிருந்தார். அல்ஜீரியாவில் பிரெஞ்சுப் படையின் கொடுமை ஓயவில்லை. அத்தகைய உலகத்தில்தான் நேரு, நாசர், சுகர்ணோ, நிக்ருமா, ஹெய்லே செலாசி, மக்காரியோஸ் முதலியோர் பெல்கிரேட்டின் பாராளுமன்றக் கட்டிடத்தில் வந்தமர்ந்தனர். இன்னும் சுதந்திரம் பெறாத அல்ஜீரியாவின் தற்காலிக அரசாங்கத்துக்கு மற்றவர்களுக்குச் சரிசமமான ஆசனம் அளிக்கப்பட்டது. பிரான்ஸ் அங்கீகரிக்காத ஒரு மக்களை இம்மாநாடு அங்கீகரித்தது. இதை ஒரு பெரிய செயலாகவே நாம் மதிக்கிறோம்.

அங்கே திருமதி பண்டாரநாயக்க ஆற்றிய உரை இன்றும் நினைவு கூரப்படுகிறது. தம் நாட்டின் பிரதிநிதியாக மட்டுமன்றி, ஒரு பெண்ணாகவும் தாயாகவும் தாம் அங்கு வந்திருப்பதாக அவர் கூறினார். மனித குலம் அழியாமல் இருக்க வேண்டுமே என்று கவலை கொள்ளும் கோடிக்கணக்கான தாய்மாரின் உள்ளத்தைத் தாம் அறிவதாகச் சொன்னார். வெறும் உணர்ச்சிப் பேச்சு என்று இதை ஒதுக்குவோர் உண்டு. நாம் அவ்வாறு கருதவில்லை. படை வலிமையையும் பண வலிமையையும் கணக்கிட்டே பேசப் பழகிய உலக அரங்கில், பிள்ளையைப் பெற்றவளின் அச்சத்தையும் ஓர் அரசியல் நியாயமாக ஏற்க வேண்டும் என்று ஒரு பெண் எழுந்து சொன்னது புதுமையே. மாநாட்டின் முடிவில் இரு வல்லரசுகளுக்கும் ஒரே வேண்டுகோள் விடுக்கப்பட்டது: நேரில் பேசுங்கள், போரைத் தவிருங்கள். நேருவும் நிக்ருமாவும் அதை மொஸ்கோவிற்கு எடுத்துச் சென்றனர். சுகர்ணோவும் மாலி அதிபர் மொடிபோ கெய்ட்டாவும் வாஷிங்டனுக்குச் சென்றனர். குருஷ்சேவும் கென்னடியும் உடனே மனம் மாறிவிடவில்லை. ஆயினும் ஏழை நாடுகள் இரந்து நிற்க மட்டுமன்றி, அறிவுரை கூறவும் உரிமையுடையன என்பது அன்று நிறுவப்பட்டது.

அணிசேராமையை மதில்மேற் பூனை என்று எள்ளி நகையாடுவது ஆதிக்க நாடுகளின் பத்திரிகைகளுக்கு வழக்கம். உண்மையில் அது எந்தப் பக்கமும் சாயாத சோம்பல் அன்று. பிறன் வீட்டுச் சண்டைக்குத் தன் பிள்ளைகளைப் பலி கொடுக்க மறுக்கும் துணிவு. நமது நாடும் அத்துணிவைச் செயலிற் காட்டிய வேளைகள் உண்டு. 1952இல், அமெரிக்காவின் அதிருப்தியையும் பொருட்படுத்தாமல், சீனத்துக்கு இறப்பர் கொடுத்து அரிசி வாங்கும் உடன்படிக்கை செய்யப்பட்டது. செய்தது வலதுசாரி அரசாங்கம் என்பது குறிப்பிடத்தக்கது. 1957இல் திருகோணமலைக் கடற்படைத் தளமும் கட்டுநாயக்க விமானத் தளமும் ஆங்கிலேயரிடமிருந்து மீட்கப்பட்டன. ஆகவே பெல்கிரேட்டுக்குச் சென்ற இலங்கைத் தூதுக்குழு வெறுங்கையுடன் செல்லவில்லை. எடுத்துச் சொல்லத்தக்க சில செயல்களைக் கொண்டுதான் சென்றது.

அங்கே சொல்லப்படாத செயல்களும் இருந்தன. அவற்றுக்கு இப்போது வருவோம்.

1961ஆம் ஆண்டின் தொடக்கத்திலிருந்து சிங்களம் மட்டும் என்ற சட்டம் நாடு முழுவதும் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. அதை எதிர்த்துப் பெப்ரவரி 20ஆந் திகதி யாழ்ப்பாணக் கச்சேரியின் வாயிலில் சத்தியாக்கிரகம் தொடங்கிக் கிழக்கிற்கும் பரவிற்று. ஏப்ரல் 17ஆந் திகதி அவசரகால நிலை பிரகடனஞ் செய்யப்பட்டு, இராணுவம் அனுப்பப்பட்டுத் தலைவர்கள் தடுப்புக் காவலில் வைக்கப்பட்டனர். செப்டெம்பரில் பெல்கிரேட்டில் சமாதானத்தைப் பற்றிப் பேச்சு நடந்தபோது இங்கே அவசரகால ஆட்சி நீங்கியிருக்கவில்லை. காந்தி வழியில் தரையில் அமர்ந்தவர்களுக்கு இராணுவத்தையே பதிலாக அனுப்பிய ஓர் அரசாங்கம், வல்லரசுகளைப் பார்த்து ஆயுதத்தைக் கீழே போட்டுப் பேசுங்கள் என்று கேட்டது. கேட்டது சரியே. ஆனால் அந்த நியாயம் யாழ்ப்பாணக் கச்சேரி வாயிலுக்கும் பொருந்தும் அல்லவா?

மலையகத்தின் கதை இதனினும் ஆழமானது. நமது பாடசாலைப் பிள்ளைகள் நாள்தோறும் நடந்து வரும் கண்டி - மாத்தளைத் தெரு இன்று கடைகளும் பஸ் வண்டிகளும் நிறைந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழ் நாட்டிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு வந்த மக்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே தம்புள்ளையையும் மாத்தளையையும் கடந்து, கண்டிச் சீமைக்கு நடந்து வந்த திசை இதுவே. காலராவும் காய்ச்சலும் பசியும் அவர்களுள் எத்தனையோ பேரை வழியிலேயே கொண்டு போயின. பிழைத்து வந்தோர் காட்டை வெட்டினர், கோப்பி நட்டனர், கோப்பி நோயுற்று அழிந்தபின் தேயிலை நட்டனர். இந்நாட்டின் பாதைகளும் இருப்புப் பாதைகளும் துறைமுகமும் அவர்களுடைய உழைப்பின் இலாபத்தில் எழுந்தவை. அணிசேராக் கொள்கையின் பயணச் செலவுக்கும், தூதரகங்களின் வாடகைக்கும் வேண்டிய அந்நியச் செலாவணியிற் பெரும்பகுதி தேயிலையிலிருந்தே வந்தது. பெல்கிரேட்டுக்குப் பறந்த தூதுக்குழுவின் பயணச் சீட்டில் கொழுந்துக் கூடையின் பங்கும் உண்டு என்று சொன்னால் அது மிகையாகாது.

அந்த மக்களுக்குச் சுதந்திர இலங்கை அளித்த முதற் பரிசு என்ன? 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. வேறு பல தொகுதிகளிலும் தோட்டத் தொழிலாளரின் வாக்கு இடதுசாரிகளுக்குத் துணையாயிற்று. ஆளும் வர்க்கம் இதைக் கண்டு அஞ்சியது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர் ஆக்கிற்று. 1949ஆம் ஆண்டின் தேர்தல் திருத்தச் சட்டம் அவர்களுடைய வாக்கைப் பறித்தது. இனத்துவேஷம் ஒரு காரணமென்றால், வர்க்க அச்சம் மற்றொரு காரணம். தமிழ்த் தலைவர்களிற் சிலரும் அன்று அரசாங்கத்தின் பக்கம் நின்றனர் என்பதை மறைப்பது நேர்மையாகாது. தொழிலாளி தமிழனாய் இருந்தும் அவன் குடியுரிமையைத் தமிழ்ப் பிரபுக்கள் காத்து நிற்கவில்லை.

1961இல் திருமதி பண்டாரநாயக்க பெல்கிரேட்டில் எழுந்து பேசியபோது இந்த அநீதிக்கு வயது பன்னிரண்டு கடந்திருந்தது. அதைத் தொடங்கியவர் அவரல்லர். ஐக்கிய தேசியக் கட்சியின் முதல் அரசாங்கம். ஆனால் அதை ஒழிக்க அவர் முன்வரவும் இல்லை. தாய்மாரின் கவலையை அறிவேன் என்று அவர் சொன்னதை நாம் பொய்யென்று கூறமாட்டோம். அட்டைக் கடியோடும் மழையோடும் முதுகிற் கூடை சுமந்து, மாலையில் லயக் காம்பராவுக்குத் திரும்பிப் பிள்ளைக்குப் பாலூட்டும் பெண்ணும் அந்தத் தாய்மாரில் அடங்குவாளா என்பதே நமது கேள்வி. அவளுடைய நாட்கூலி ஆணின் கூலியைவிடக் குறைவாகவே இருந்தது. சட்டப்படி அது சமமானது 1984இல். பிறந்த மண்ணிலேயே அந்நியளாகக் கிடந்த அவள், பெல்கிரேட் உரையின் ஒரு சொல்லைக்கூடத் தனதென்று கொள்ள முடியாத நிலையில் இருந்தாள்.

இதை ஒரு தனி மனிதரின் கபடம் என்று சொல்லி விட்டுவிடுவது எளிது, அதனாற் பயனில்லை. கண்டிச் சீமையின் நிலப்பிரபுக் குடும்பத்தில் பிறந்து, பெரும்பான்மைக் கிராமத்தவரின் வாக்கில் ஆட்சிக்கு வந்தவர் அவர். வெள்ளையன் காணியைப் பறித்ததை அந்தக் கிராமத்தவர் மறக்கவில்லை. மறக்கவும் கூடாது. ஆனால் காணியைப் பறித்த துரையின் மேல் செல்ல வேண்டிய கோபம், அவனால் கொண்டுவரப்பட்ட கூலியின் மேல் திருப்பி விடப்பட்டது. ஏகாதிபத்தியத்தை எதிர்க்கும் சொல் வெளியே சென்றது. ஏகாதிபத்தியம் விட்டுச் சென்ற பிளவோ உள்ளே பேணப்பட்டது. இந்த நோய் நமது நாட்டுக்கு மட்டும் உரியதன்று. புதிதாக விடுதலை பெற்ற நாடுகள் பலவற்றில் இதைக் காணலாம்.

மாநாட்டை நடத்திய யூகோஸ்லாவியாவையே பாருங்கள். டிட்டோவின் விடுதலைப் படையில் அவரோடு தோள் நின்ற மிலோவன் ஜிலாஸ், கட்சியையும் அதன் புதிய ஆதிக்கக் கூட்டத்தையும் விமர்சித்து எழுதியமைக்காகப் பல்லாண்டுகள் சிறையிற் கிடந்தார். விருந்தினர் வந்த தெருக்கள் அலங்கரிக்கப்பட்டன; சிறைக்குப் போகும் பாதையை யாரும் கேட்கவில்லை. விருந்தினரின் நாடுகளிலும் அப்படிப்பட்ட பாதைகள் இருந்தமையால் கேட்காதிருப்பது எல்லோருக்கும் வசதியாயிற்று. ஒருவர் உள்வீட்டில் மற்றவர் தலையிடலாகாது என்ற கொள்கை வல்லரசின் கையைத் தடுக்கும் கேடயம். அந்தக் கேடயத்தின் பின்னாலேயே ஆட்சியாளர் தம் சொந்த மக்களை அடிக்கவும் முடிந்தது என்பது அணிசேரா இயக்கத்தின் சோகம்.

1964இல் இது மிகத் தெளிவாக வெளிப்பட்டது. அவ்வாண்டு அக்டோபர் தொடக்கத்தில் இரண்டாவது அணிசேரா மாநாடு கெய்ரோவில் கூடிற்று. நேரு மறைந்து விட்டார். இந்தியாவின் சார்பில் லால் பகதூர் சாஸ்திரி வந்திருந்தார். இலங்கையின் சார்பில் திருமதி பண்டாரநாயக்க. சமாதானமும் மனித சமத்துவமும் அங்கும் பேசப்பட்டன. அதே மாதம் 30ஆந் திகதி அவ்விரு தலைவர்களும் புது டில்லியில் ஓர் ஒப்பந்தத்திற் கையொப்பமிட்டனர். மலையகத்தில் நாடற்றோராக 9,75,000 பேர் இருப்பதாகக் கணக்கிடப்பட்டது. 5,25,000 பேரை இந்தியா எடுத்துக் கொள்ளும். 3,00,000 பேரை இலங்கை வைத்துக் கொள்ளும். எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பார்த்துக் கொள்வதென்று விடப்பட்டது. 1974இல் திருமதி பண்டாரநாயக்கவும் இந்திரா காந்தியும் அந்த எச்சத்தையும் ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டனர். பிரதமர்கள் கூடினர், பேசினர், பிரித்தனர். பிரிக்கப்பட்டவர்களை யாராவது கேட்டார்களா? அல்ஜீரிய மக்களின் சம்மதமின்றி அல்ஜீரியாவின் எதிர்காலத்தை நிச்சயிக்கலாகாது என்று பெல்கிரேட்டில் ஒரே குரலில் நின்ற இரு நாடுகள், பத்து இலட்சம் மனிதரை அவர்களுடைய சம்மதமின்றியே பங்கு போட்டன.

அதன் பின்னர் நடந்ததை மலைநாட்டு வீடுகள் அறியும். தலைமன்னார்க் கோச்சி புறப்படும் நிலையங்களில் ஒரு குடும்பத்தின் பாதி ஏறிற்று. மறுபாதி மேடையில் நின்று அழுதது. பாட்டன் நடந்து வந்த வழியின் எதிர்த் திசையில், பேரன் கப்பலேறி இராமேஸ்வரத்துக்குச் சென்றான். அவன் அதற்கு முன் கண்டிராத நாட்டுக்குத் திரும்புவதாக அரசாங்கப் பத்திரம் சொல்லிற்று.

1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்கள் தோட்டங்களை அரசுடைமையாக்கின. அந்நியக் கம்பெனிகளின் பிடி தளர்ந்ததை நாம் வரவேற்க வேண்டியவர்களே. ஆனால் கண்டி, மாத்தளைப் பகுதிகளில் அதன் விளைவாகப் பல தோட்டங்களிலிருந்து தொழிலாளர் துரத்தப்பட்டனர். 1973, 1974ஆம் ஆண்டுகளின் உணவுப் பஞ்சத்தில் தோட்டங்களில் பசியால் மாண்டோர் உண்டு. பட்டணத் தெருக்களில் கையேந்தி நின்றோர் உண்டு. வன்னிக் காடுகளுக்குப் போனோர் உண்டு. 1976 ஆகஸ்ட் 16ஆந் திகதி, எண்பதுக்கு மேற்பட்ட நாடுகள் பங்குகொண்ட ஐந்தாவது அணிசேரா மாநாடு கொழும்பில் கூடியது. சீனம் அன்பளிப்பாகக் கட்டித் தந்த மண்டபத்தில், திருமதி பண்டாரநாயக்க தலைமையாசனத்தில் அமர்ந்தார். நமது சிறு நாட்டுக்கு உலகம் அளித்த பெருமை அது. அந்தப் பெருமைக்கும் தோட்டத்து வறுமைக்கும் இடையில் ஒருநாட் பயணத் தூரம்கூட இருக்கவில்லை.

வரலாறு சில வேளைகளில் கொடிய முறையிற் பாடம் புகட்டும். 1980 அக்டோபரில், ஜே. ஆர். ஜயவர்த்தனவின் அரசாங்கம் திருமதி பண்டாரநாயக்கவின் குடியியல் உரிமைகளை ஏழாண்டுக்குப் பறித்தது. உலகின் முதற் பெண் பிரதமர் பாராளுமன்றத்திலிருந்து வெளியேற்றப்பட்டார். தேர்தலில் நிற்கவோ வாக்களிக்கவோ முடியாதவரானார். 1986இல் அவ்வுரிமைகள் திருப்பி அளிக்கப்பட்டன. அந்த அநீதியை நாம் அநீதியென்றே சொல்வோம். எனினும் பாராளுமன்றப் பெரும்பான்மையைக் கொண்டு மனிதரின் வாக்கை வெட்டலாம் என்று 1949இல் தீட்டப்பட்ட கத்தி அது. முதலில் அது கூலித் தொழிலாளியின் மேல் வீழ்ந்தது. அப்போது வாளாவிருந்த மாளிகையின் வாயிலையும் ஒருநாள் அது எட்டிற்று.

பெல்கிரேட்டின் பிற்காலமும் நமக்கு அந்நியமானதன்று. ஆறு குடியரசுகளும் இரண்டு சுயாட்சி மாகாணங்களும் கொண்ட கூட்டாட்சி யூகோஸ்லாவியா. அக்குடியரசுகளின் மொழிகள் சமவுரிமையுடையவை என அதன் அரசியற் சட்டம் கூறியது. டிட்டோ 1980இல் மறைந்தார். 1991இல் நாடு சிதறத் தொடங்கியது. 1995 ஜூலையில் பொஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிக்காவில் எண்ணாயிரத்துக்கு மேற்பட்ட முஸ்லிம் ஆண்களும் சிறுவரும் கொன்று குவிக்கப்பட்டனர். 1999 மார்ச் 24 தொடக்கம் ஜூன் 10 வரை நேட்டோ விமானங்கள் குண்டு வீசின. எந்த இராணுவக் கூட்டிலும் சேரோம் என்று முழங்கிய நகரம், அந்நூற்றாண்டில் மீண்டும் ஒருமுறை ஆகாயத்திலிருந்து எரிக்கப்பட்டது.

நமது நாட்டில் இதை ஒரு பூச்சாண்டியாகக் காட்டுவோர் உண்டு. கூட்டாட்சி கொடுத்தால் யூகோஸ்லாவியா போல் நாடு உடையும் என்பது அவர்களுடைய வாதம். நிகழ்ச்சிகளின் வரிசையை அவர்கள் மறந்து விடுகின்றனர். உடைவுக்கு இரண்டாண்டு முன்னர், 1989 மார்ச்சில், செர்பியக் குடியரசு கொசோவோ மாகாணத்தின் சுயாட்சியைப் பறித்தது. பெரும்பான்மை இனத்தின் பெயரால் பெல்கிரேட் நடத்திய அந்த அரசியல், மற்றக் குடியரசுகளை அச்சத்தில் ஆழ்த்தியது. பொருளாதார நெருக்கடியும், அந்நியக் கடனும், மற்றக் குடியரசுகளில் எழுந்த இனவாதமும், வெளிநாடுகளின் தலையீடும் சேர்ந்தே வீட்டை இடித்தன என்பது உண்மை. ஆனால் உரிமையைப் பகிர்ந்ததால் மட்டும் வீடு இடிந்தது என்பவர், பகிர்ந்த உரிமையை மீளப் பறித்த கையைப் பார்க்க மறுக்கின்றனர். 1961இல் இருபத்தைந்து நாடுகள் விருந்துண்ட நகரம் தன் சொந்த இனங்களுக்கு ஒரே பந்தியில் இடங்கொடுக்க முடியாமற் போனபோது, பழைய பிரகடனங்கள் அதைக் காப்பாற்றவில்லை.

ஆகவே பெல்கிரேட் பயணத்தை நாம் எப்படிக் கற்பிப்பது? அது வெறும் வேடம் என்று சொன்னால் உண்மைக்கு மாறாகும். அணுகுண்டின் நிழலில் ஏழை நாடுகள் நிமிர்ந்து நின்ற நாள் அது. நமது நாட்டின் பெண்ணொருத்தி அவர்களோடு நின்றாள் என்பதில் நமது பிள்ளைகள், சிங்களவராயினும் தமிழராயினும் முஸ்லிம்களாயினும், பெருமை கொள்ளலாம். அதை மட்டுமே சொல்லி நிறுத்தினாலும் உண்மைக்கு மாறாகும். அங்கே பேசிய ஒவ்வொரு சொல்லையும் இங்கே கொண்டு வந்து உரைத்துப் பார்க்கும் பழக்கத்தை அவர்களுக்கு ஊட்ட வேண்டும். சுயநிர்ணயம் அல்ஜீரியனுக்கு உண்டென்றால் அண்டை வீட்டானுக்கு உண்டா? சமாதானப் பேச்சு வாஷிங்டனுக்கும் மொஸ்கோவுக்கும் பொருந்துமென்றால் கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் பொருந்தாதா?

2003ஆம் ஆண்டின் சட்டம், இந்திய வம்சாவளியினருள் நாடற்றிருந்தோருக்குப் பிரஜாவுரிமை அளிக்க வழி செய்தது. 1948இல் பறித்ததைத் திருப்பிக் கொடுக்க 55 ஆண்டுகள் சென்றன. இப்போது அவர்களிடம் வாக்கு உண்டு. ஆனால் வெள்ளையன் காலத்து லயங்களில் இன்றும் குடும்பங்கள் வாழ்கின்றன. தலைமுறை தலைமுறையாக நட்டு வளர்த்த மலையில் ஒரு வீட்டுக்கு ஏழு பேர்ச்சஸ் நிலம் கேட்டும் காத்திருக்கின்றன. 2023ஆம் ஆண்டு ஜூலை 28ஆந் திகதி, மலையக மக்கள் வந்து இருநூறாண்டு நிறைவை நினைவு கூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு ஒரு நடைபயணம் புறப்பட்டது. ஆகஸ்ட் 12ஆந் திகதி அது மாத்தளையை அடைந்தது. முன்னோர் செத்து வீழ்ந்த வழியில் பேரப்பிள்ளைகள் உரிமை கேட்டு நடந்தனர். வழியெங்கும் சிங்கள, முஸ்லிம் சகோதரரும் அவர்களோடு சேர்ந்து கொண்டனர்.

விமானத்திற் சென்று அயல்நாட்டுத் தலைநகரில் ஆற்றிய உரைக்கும், கால் கொப்புளிக்க மாத்தளைக்கு நடந்த இந்தப் பயணத்துக்கும் கேட்கும் பொருள் ஒன்றே. தன் விதியைத் தானே நிச்சயிக்கும் உரிமையை எளியவன் கேட்கிறான். முன்னதை உலகம் கேட்டது. பின்னதை நாடு இன்னும் சரியாகக் கேட்கவில்லை. காணியும் வீடும் நியாயமான கூலியும் மலையகத்தவனுக்குக் கிடைக்கும் நாளிலேதான் பெல்கிரேட்டில் நமது பெயரால் அளித்த வாக்கு நிறைவேறியதாகும். அந்த நாளை அண்மையிற் கொண்டு வரும் வேலையில் ஆசிரியர்களாகிய நமக்கும் பங்கு உண்டு. முதலில், வகுப்பறையில் இரண்டு செய்திகளையும் ஒன்றாகச் சொல்வோம்.